வாலில்லாத எழுத்து

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் அச்சகம் நடத்திய வைத்தீஸ்வரனின் மனைவி இறந்துவிட்டாள். அம்மிணி என்று ஒரே மகள். ஆனால் அவர் நெஞ்சைப் பறிகொடுத்தது மகளிடம் அல்ல. மெட்ராஸிலிருந்து வரவழைத்த ஓர் ஆங்கில ஈய அச்செழுத்து வகையிடம்.

அந்த எழுத்தில் 'O' வளையலைப் போல முழு வட்டம். கோடு எங்கும் ஒரே தடிமன். நுனியில் வாலோ பாதமோ கிடையாது. தெருக்கோடியிலிருந்தே படிக்கலாம். மிளகு மண்டி நோட்டீஸ், சுக்குப் பொட்டல லேபிள் எல்லாவற்றுக்கும் வியாபாரிகள் அதையே கேட்டார்கள். பொடி அளவில் நெருக்கிக் கோத்தால் மட்டும் வட்டங்கள் ஒட்டிக்கொண்டு கண்ணைக் கரிக்கும். அதைச் சொன்னவர்கள் மேல் வைத்தீஸ்வரன் சீறி விழுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் அம்மிணிக்கு எறணாகுளத்தில் வரன் அமைந்தது. பையனை அவளுக்கு உயிராகப் பிடித்திருந்தது. கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம் முழுவதையும் அப்பா அந்த மொட்டை எழுத்திலேயே அடித்து அனுப்பினார். மறுநாளே பையனின் தாய் கங்கா படகேறி வந்துவிட்டாள்.

"சம்பந்தி, இது கல்யாணக் கடுதாசியா, மிளகுச் சாக்குல ஒட்டற லேபிளா? எங்காத்துல எல்லாரும் சிரிக்கறா. நல்ல சுழிச்ச எழுத்துல வேற அடிங்கோ. இல்லேன்னா கல்யாணமே வேண்டாம், கேட்டேளா?"

"வால் வேணும்னா திருச்சூர் மிருகசாலைக்குப் போங்கோ. அங்கே இஷ்டம் போல உண்டு."

"அப்பா! பழைய சுழிச்ச எழுத்து தட்டுல இருக்கே, நானே கோத்துத் தரேன்!" அம்மிணி அவர் காலைப் பிடித்துக் கதறினாள்.

அவர் காலை உதறினார். அந்தப் பழைய எழுத்துத் தட்டை உருவித் தரையில் கவிழ்த்தார். "உன் கல்யாணம் இதுலதான் இருக்குன்னா, பொறுக்கிக்கோடி!"

கங்கா அதற்குமேல் நிற்கவில்லை. கல்யாணம் நின்றது. பையனுக்கு வேறிடத்தில் மணமானது.

அம்மிணி பொறுக்கினாள். கண்ணீர் சொட்டச் சொட்ட ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். பிறகும் அதே அச்சகத்தில்தான் வேலை செய்தாள். ஆனால் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பிழை திருத்த வேண்டிய அச்சுப் படியை மேசைமேல் எறிவாள். "நாக்கு அழுகிப் போச்சோ?" என்று அவர் கத்துவார். அவள் அச்சு எந்திரத்தின் மிதிகட்டையை இன்னும் வேகமாக மிதிப்பாள்.

எண்பத்தைந்தின் மழையில் வைத்தீஸ்வரன் நெஞ்சடைத்துப் போனார். பதிமூன்றாம் நாளுக்கு அழைப்பு அட்டை அடிக்க வேண்டும்.

அம்மிணி பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். தந்தையின் பெயரை ஆங்கிலத்தில் வாலும் சுருளும் கொடியுமாகக் கோத்தாள். ஒவ்வோர் எழுத்தையும் ஆணி அறைவது போல அழுத்தினாள்.

முதல் அட்டையின் மை காயும் முன் அதை அவர் படத்தருகே கொண்டுபோய், எழுத்து அவரைப் பார்க்கும்படி நிறுத்தினாள்.

"படிங்கோ, அப்பா" என்றாள். ஒன்பது வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.