நான் வேலைக்கு வராத மூன்று கிழமை

இறைச்சித் தொழிற்சாலையில் முதுகு உடைந்தபின் எனக்கு இயலாமைக் கொடுப்பனவு கிடைத்தது. கூடவே டென்மார்க்கின் வைலே நகரில், என்னைப் போன்றவர்கள் இயன்ற அளவு வேலை செய்யும் பட்டறை ஒன்றில் இடமும் தந்தார்கள். மனைவிக்கு அதை எழுதவில்லை. அவள் யாழ்ப்பாணத்தில் டென்மார்க் வருவதற்கான அனுமதிக்குக் காத்திருந்தாள். அந்த வருடங்களில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்கள் டெனிஷ் அரசிடம் எவரும் தொடாமல் கிடந்தன.

பட்டறையில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு டெனிஷ் பெண். கைகள் நடுங்கும்; பேச்சு இழுபடும். திருகாணிகளைப் பைகளில் போட்டபடி எனக்கு டெனிஷ் சொற்களைச் சொல்லித் தருவாள். நான் பிழையாக உச்சரித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒருநாள் ரயில் நிலையத்தில், பக்கத்து நகரான கோல்டிங்கிலிருந்து வந்த தமிழ் நண்பனோடு நின்றேன். அவள் தூரத்திலிருந்தே கையை ஆட்டி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“ஆரடாப்பா உது? உன்னையோ கூப்பிடுது?” என்றான் நண்பன்.

“எனக்குத் தெரியாது. ஆரோ விசர் போல.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அவள் முகத்தில் விழிக்க முடியாமல் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. மூன்று கிழமை போகாததால் என் இடம் ரத்தானது. திரும்பச் சேர விதிகள் இருந்தன: புதிய வைத்தியச் சான்று வேண்டும், நின்றதற்கான காரணத்தை எழுதிக் கொடுத்து, கூட்டத்தில் நேரிலும் சொல்ல வேண்டும். ‘முதுகு வலி’ என்று எழுதினேன்.

கூட்டத்தில் நகரசபை அதிகாரியும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இருந்தார்கள். வேலையாட்களின் பிரதிநிதியாக அவளும் இருந்தாள்.

“வலி கூடியிருந்தால் உங்கடை வேலை நேரத்தைக் குறைக்க வேணுமாம். வைத்தியர் அப்படி எழுதேல்லையாம்,” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அவள், வலி எந்த இடத்தில் என்று தன் முதுகைத் தொட்டு என்னிடம் கேட்டாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“அண்ணை, நான் சொல்லுறதை அப்படியே சொல்லுங்கோ. முதுகு நோகேல்லை. இவவைத் தெரியாதெண்டு என்ரை சிநேகிதனிட்டைச் சொல்லிப்போட்டன். அந்த வெக்கத்திலைதான் வரேல்லை.”

அவளைப் பைத்தியம் என்ற பொருளில் ‘விசர்’ என்றதை அப்போதும் மறைத்தேன்.

அவள் இழுபடும் பேச்சில் பதில் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பாராமலே சொன்னார்: “நீங்கள் தன்னைக் காணேல்லை எண்டு நினைச்சவவாம்.”

என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கிழமையே மனைவிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பட்டறையில் அந்த டெனிஷ் பெண் முன்போலவே எனக்குச் சொற்கள் சொல்லித் தந்தாள். ஆனால் தெருவில் கண்டால், நான் முதலில் வணக்கம் சொல்லும்வரை எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள்.