ஒசாக்காவில் தட்டு அடுக்காத இரவு

இத்தாலியில், பலெர்மோவில் நடந்த எந்தத் தமிழ்க் கலியாண வீடியோவிலும் சோதிலிங்கத்தைத் தேடினால் அகப்படமாட்டார். மாப்பிள்ளை தாலி கட்டுகிற நேரம் அவர் மண்டபத்தின் பின்பக்கம் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கிடாரம் தேய்த்துக்கொண்டிருப்பார். செய்யச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. வேண்டாம் என்று தடுத்தவரும் இல்லை என்பது வேறு விஷயம்.

பொலிதேயாமாப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் பதினொரு வருடமாகக் கோப்பை கழுவுகிறவருக்கு வெறும் தட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. பின்னேரம் ஐந்து மணிக்குப் போர்கோ வெக்கியோப் பகுதி வீட்டிலிருந்து இறங்கினால் சாமம் ஒரு மணிக்குத்தான் திரும்பி வருவார். மனைவி அம்பிகை விடிய ஆறு மணிக்கே சிஞ்ஞோரா என்று அவள் கூப்பிடுகிற இத்தாலிய முதலாளியம்மா வீட்டு வேலைக்குப் போய்விடுவாள். கடை பூட்டுகிற திங்கள் இரவு மட்டும் ஒன்றாகச் சாப்பிட உட்காருவார்கள். அவள் ஒரு கதையை எடுத்து இரண்டு வசனம் சொல்லுமுன் அவர் எழும்பிச் சட்டி கழுவத் தொடங்கியிருப்பார். நல்ல மனிசன் என்று ஊரெல்லாம் பெயர். அந்த நல்ல மனிசனுக்கு ஒரு கதையை முடிவுவரை சொல்ல அம்பிகைக்குக் கொடுத்துவைக்கவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கடை முதலாளிக்கு வைன் விற்கிற கொம்பனி ஒன்று ஜப்பானில் ஒசாக்கா போய்வர இரண்டு ரிக்கெற் பரிசாகக் கொடுத்தது. விமானம் தலைக்கு மேலே பறந்தாலே முதலாளி கடைக்குள் ஓடிவிடுவார். "லிங்கோ, பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு நீ போ" என்று ரிக்கெற்றை இவர் ஈரக்கையில் வைத்துவிட்டார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி, விசா என்று இரண்டு மாதம் அலைந்து, கடைசியில் இருவரும் விமானத்தில் ஏறினார்கள்.

"எனக்குச் சேலை வேண்டாம், சாமான் ஒண்டும் வேண்டாம்" என்றாள் அம்பிகை, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு. "அங்கை ஒரு இரவுச் சாப்பாடு. நான் சாப்பிட்டு, கதைச்சு முடியுமட்டும் நீங்கள் கதிரையை விட்டு எழும்பப்படாது. அவ்வளவுதான்."

"இதென்ன பெரிய காரியமே" என்றார் சோதிலிங்கம்.

முதல் இரவே ஆற்றங்கரைத் தெருவுக்குப் போனார்கள். பகலா இரவா என்று தெரியாத வெளிச்சம். ஒரு கடைச் சுவரில் வீட்டளவு மெஷின் நண்டொன்று காலை ஆட்டியது. கோட்டுப் போட்ட கந்தோர்க்காரர் தோளில் கைபோட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். தெருவோரத்தில் சின்ன மாவுருண்டை சுட்டுக் கொடுத்தார்கள். கடித்தால் உள்ளே கணவாய் மாதிரி ஒரு துண்டு. "எங்கட சந்தையிலை அவிச்சு விக்கிற பொல்ப்போ" என்று அம்பிகை வாய் சுட்டபடியே சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்துக் கனகாலம். சந்தோசத்தில் அவருக்கு நடை கொஞ்சம் துள்ளியது.

எட்டுப் பேர் இருக்கக்கூடிய ஒரு கடைக்குள் நுழைந்து உயரக் கதிரைகளில் ஏறி இருந்தார்கள். கை துடைக்கச் சூடான ஈரத்துவாய் ஒன்றைச் சுருட்டித் தந்தார் கடைக்காரர். இரண்டு சின்னத் தட்டில் மீன் வந்தது. அம்பிகை தொடங்கினாள்: "எங்கட சிஞ்ஞோரா ஒரு கிளி வாங்கினவ எல்லோ..."

அதற்குள் தட்டு இரண்டும் வெறுமை. அவர் ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கி, ஈரத்துவாயால் பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார். கடைக்காரர் அதைப் பார்த்தார், குனிந்து வணங்கினார், பில்லை இரண்டு கையாலும் நீட்டினார். ஒன்றும் விளங்காமல் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள்.

அடுத்த கடையில் கிளி கூட்டுக்குள் போனது, பில் வந்தது. மூன்றாவது கடையில் கிளி வாய் திறக்கப் பார்த்தது, பில் வந்தது. கடைசியில் இருவரும் தெருவோர மெஷினில் சூடான கோப்பி டின் எடுத்துக் குடித்தார்கள்.

"இந்தச் சனத்துக்கு எங்களைப் பிடிக்கேல்லைப் போல" என்றார் அவர்.

"சனத்திலை பிழை இல்லை. நீங்கள் அடுக்கித் துடைக்க, நாங்கள் எழும்பப் போறம் எண்டு அவை பில் எழுதினம்." வெறும் டின்னைத் தொட்டியில் போட்டுவிட்டு அவள் முன்னே நடந்தாள். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஒசாக்கா வரை வந்தும் தான் கோப்பை கழுவுகிற அந்தக் குசினியை விட்டு வெளிக்கிடவில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

அடுத்த இரண்டு இரவும் வெளிச்சம் பார்த்து நடந்ததோடு சரி. எந்தக் கடைக்குள்ளும் போக அவருக்குத் துணிவு வரவில்லை. கடைசி இரவு அவரே ஒரு கதவைத் திறந்து, "வாரும்" என்று அவளைக் கூப்பிட்டார். கதிரையில் ஏறியதும் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டார். சாப்பிட மட்டும் ஒரு கை வெளியே வரும், உடனே திரும்பிப் போய்விடும். கடைக்கார அம்மா கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தாள்.

தட்டுகள் வந்தன. கத்தரிக்காய், பொரித்த மீன், ஏதோ வெள்ளையாக ஒரு களி. வெறுந்தட்டு ஐந்து, ஆறு, ஏழு என்று முன்னால் பெருகியது. அவருக்கு நெற்றி வேர்த்தது. ஆனால் பில் வரவில்லை, கிளி வந்தது.

"அந்தக் கிளி மீன்காரனிட்டை வளர்ந்ததாம். பாதர் வீட்டை ஆசீர்வதிக்க வந்தவர். கையைத் தூக்கினவுடனை, சிசிலியன் தூசணத்திலை முதலிலை பாதரின்ரை தாயை இழுத்துத் திட்டிச்சுது..."

பக்கத்தில் இருந்த ஜப்பான்காரர்கள், மொழி தெரியாமலே, இவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். கதை முடிந்தது. கலியாணமான பத்து வருடத்தில் முதல் தடவையாக முடிந்தது. சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி அம்பிகை, தன்னை அறியாமலே, ஒரு தட்டை எடுத்து மற்றதன்மேல் வைக்கப் போனாள். மற்றக் கை ஈரத்துவாயைத் தேடியது. சிஞ்ஞோரா வீட்டில் அவளுக்கும் அது பத்து வருடப் பழக்கம்.

சோதிலிங்கம் தொடைக்குக் கீழிருந்து கையை இழுத்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தது பிடித்தபடி வைத்துக்கொண்டார்.

கடைக்கார அம்மா வந்து, தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அம்பிகை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கட தட்டை வேறை ஆளெல்லோ கழுவுது" என்றாள்.

"ஓம்" என்றார் அவர். "அது கழுவட்டும். கிளி பிறகு என்ன சொன்னது?"

"கிளிக்கதை முடிஞ்சுது."

"அப்ப வேறை ஒண்டு சொல்லும்."