உண்ணாவிரதத்தில் ஊதிய முகம்

அவர் பெயரை ராசாத்தி என்று வைத்துக்கொள்வோம். திருவையாறு பக்கம் குத்தகைக்கு உழுதவர். நிலத்தைப் பிடுங்க வந்த மிராசுதாரை எதிர்த்து ஊராரோடு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். மேடைக்கு வந்த அரசு டாக்டர் எல்லோரையும் சோதித்தபோது, மற்றவர்களுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. இவருக்கு மட்டும் எகிறியிருந்தது. முகமும் சிவந்து உருண்டையாக இருந்தது.

மிராசுதார் ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளரும்கூட. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்; ஆட்சி மாறினால் அவர் வேட்டிக் கரையும் மாறும். மைக்கைப் பிடித்துவிட்டார்.

"பட்டினியாம்! மூஞ்சியப் பாருங்கய்யா, பூசணிக்கா மாதிரி. மறைவா பிரியாணி போவுது!"

கூட்டம் சிரித்தது. போராட்டம் கலைந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. உடம்பு பெருத்திருந்தும் கைகால்கள் குச்சியாக இருந்ததையும், வயிற்றில் ஊதா நிற வரிகள் ஓடியதையும் கவனித்து, எங்கள் மருத்துவமனைக்கு அனுப்பினார். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியில் ஒரு கட்டி உட்கார்ந்து ஹார்மோனைக் கொட்டினால் இப்படி ஆகும். சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறும். ரத்தப் பரிசோதனை அதைத்தான் சொன்னது. ஆனால் எம்.ஆர்.ஐ.யில் கட்டி தென்படவில்லை. இடம் தெரியாமல் சர்ஜன் எங்கே கத்தி வைப்பார்? அந்தச் சமயம் எங்கள் நியூக்ளியர் மெடிசின் டிபார்ட்மென்ட்டில் இத்தகைய கட்டிகளை, கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் பெட் (PET) ஸ்கேனில் தேடும் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. நான் சீனியர் டெக்னாலஜிஸ்ட்.

ஜெனரேட்டர் என்று நாங்கள் சொல்லும் ஈயப்பெட்டியிலிருந்து கேலியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கறந்து, அந்தக் கட்டியைத் தேடிப்போய் ஒட்டும் மருந்தோடு சேர்த்து ராசாத்திக்கு ஊசி போட்டேன். வெளியே வந்தால் அந்த மிராசுதார் செயலாளர் நிற்கிறார்.

"நம்ம ஊருப் பொண்ணும்மா. வயித்துல என்ன கெடக்குன்னு ஸ்கேன்ல தெரிஞ்சிடும்ல? அந்த ரிப்போர்ட்டுல எனக்கு ஒரு காப்பி குடுங்க."

"தலையத்தான் சார் எடுக்கிறோம். காப்பியெல்லாம் தர முடியாது."

"அது தலையில என்னம்மா இருக்கப் போவுது?"

"யார் தலையில என்ன இருக்குன்னு எடுத்துப் பாத்தாத்தான் சார் தெரியும். உங்களுக்கும் ஒரு ஊசி போடட்டுங்களா?"

கதவில் இருந்த கதிர்வீச்சு எச்சரிக்கையை அப்போதுதான் படித்தார். மறு நிமிடம் ஆளைக் காணோம்.

படத்தில் பிட்யூட்டரியின் இடது ஓரத்தில் மிளகளவு ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தது. சர்ஜன் மூக்கு வழியாகப் போய் அதை எடுத்தார்.

பல மாதம் கழித்து பரிசோதனைக்கு வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் வற்றி வேறு ஆளாக இருந்தார். நில வழக்கு இன்னும் கோர்ட்டில் இருந்தது. தீர்ப்பு வரும்வரை குத்தகைக்காரர்களே உழலாம் என்று உத்தரவாகி, குறுவை நட்டிருந்தார்கள். செயலாளரோ, ராசாத்தியின் சிகிச்சை தன் சாதனை என்று போஸ்டர் ஒட்டியிருந்தாராம்.

"அன்னிக்கு மேடையில அந்தாள் பேசினது ரொம்ப வலிச்சிருக்கும்ல?" என்று கேட்டேன்.

"அவரு அப்படித்தாம்மா பேசுவாரு. எங்கூட பட்டினி கெடந்தவங்க எம் பையத் தொறந்து பாத்தாங்க. அதாங்க இன்னும் ஆறல."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். படத்தில் தெரிவதை மட்டும் நம்புங்கள். ஆளின் முகத்தைப் பார்த்தே ரிப்போர்ட் எழுத ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. அவர்கள் சம்பளம்கூடக் கேட்பதில்லை.