ஊசி டப்பா

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம், எங்கள் ஊரான காஜா பேராங்கில் கல்யாண வீடுகளுக்குக் கிராமபோன் வைப்பவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் கம்போங் செட்டிக் குடியிருப்புக்காரன்; தமிழ் வம்சம்தான், பேச்சு மட்டும் மலாய். அவனை எனக்கு அறவே பிடிக்காது. காரணம், அவன் பாட்டு வைக்கும் விதம்.

நான் எடுத்த எடுப்பிலேயே எல்லோருக்கும் தெரிந்த பாட்டைப் போடுவேன். கூட்டம் கை தட்டும், பிறகு சாப்பிட எழுந்துவிடும். அவனோ இரண்டு கிராமபோன் பெட்டிகளை அருகருகே வைத்துக்கொள்வான். முதல் இசைத்தட்டில் ரெபானா மேளமும் கோங் சேகண்டியும் மட்டும்தான். அதையும் வேகத் திருகைக் குறைத்து, தூங்கி வழிகிற மாதிரி ஓடவிடுவான். அது முடியுமுன்பே மற்ற பெட்டியில் அதே தாளத்தில் இன்னொன்று. பிடில் எப்போது சேர்ந்தது, வேகம் எப்போது கூடியது, யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெண்ணைப் பெற்றவர்கூட ஆடிக்கொண்டிருப்பார். எப்படி என்று கேட்டால், "பெலான் பெலான் லா" என்பான். மெதுவாகத்தான் வர வேண்டுமாம். பெரிய ஞானி.

என் பாட்டுக்கு என் மனைவி ஒருநாளும் விரலைக்கூட அசைத்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அவன் பாட்டு வைத்த கல்யாணத்தில், மெல்லத் தலையாட்டத் தொடங்கினாள். எனக்கு வயிறு எரிந்தது.

தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போட வேண்டும். தேய்ந்த ஊசி தட்டைக் கீறிவிடும். எங்கே கை வைத்தால் வலிக்கும் என்று தொழில்காரனுக்குத் தெரியாதா? தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல அவன் மேசையைக் கடந்தேன். புது ஊசி டப்பா என் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது பாட்டு நின்றது. அவன் மேசைக்கடியில் குனிந்து தேடினான். கூட்டம் மட்டும் நிற்கவில்லை. கைத்தட்டலிலேயே தாளம் ஓடியது. என் மனைவியும் தட்டினாள். இது என்ன அநியாயம் என்று பொருமிக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது சல், சல் என்று ஒரு சத்தம், தாளம் தப்பாமல். அவள் திரும்பி என் சட்டைப் பையைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். என் கால் ஆடிக்கொண்டிருந்தது. கூடவே உடம்பும், பையிலிருந்த டப்பாவும்.

"குடுங்க," என்றாள்.

கொடுத்தேன். நாற்காலிக்கடியில் கிடந்ததாக மலாயில் சொல்லி அவனிடம் நீட்டினாள். அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். பாட்டு, கைகள் அடித்துக்கொண்டிருந்த அதே தாளத்தில் சேர்ந்துகொண்டது.

அது முடியும்வரை அவள் என் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பவில்லை.