மூன்றாவது பெட்டிக் கல்

ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சியிலிருந்து வெல்லத்தைத் திருடித் தின்ற அறிவாளி எங்கள் மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் பசியால் அல்ல, வயிற்றெரிச்சலால்.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவின் தம்பி, என் மாமா, சென்னையில் சிமெண்டையும் உலோகத்தையும் உடைத்துப் பார்த்து உறுதியைச் சோதிக்கும் விஞ்ஞானி. லீவுக்கு ஆம்பூருக்கு வந்தவர் எங்களை விரிஞ்சிபுரம் கோயிலுக்கு அழைத்துப்போனார். சாமியைப் பார்க்காமல் தூணில் காதை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தார். இந்தத் தூண்களை யாரும் செதுக்கவில்லை, கல்பொடியைக் குழைத்து அச்சில் ஊற்றியிருக்கிறார்கள் என்பது அவர் கட்சி.

"அப்போ கோபுரத்த எந்தக் குண்டான்ல வேக வெச்சாங்க மச்சான்?" என்றார் அப்பா.

"நீங்க கடுக்கா மட்டும் கொண்டாங்க. ஊத்திக் காட்றேன்."

அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் வேலை. மறுநாள் கடுக்காயோடு, தோல் பதப்படுத்தும் பட்டைத்தூளும் ஒரு பை வந்தது. அதை மாமா மூலையில் தள்ளிவிட்டார். கல்பொடி, சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லத்தூள், இவ்வளவுதான் அவர் கணக்கு.

முதல் உதவியாளன் நான்தான். பதவி பத்து நிமிடம் நீடித்தது. சுண்ணாம்பு எத்தனை பிடி போட்டாய் என்று கேட்டார். "நெறைய" என்றேன்.

"நெறையன்றான். டேய், நீ போய் வெளையாடு."

அந்த வேலை எட்டு வயதுத் தங்கைக்குப் போனது. கூடவே ஒரு தராசு, ஒரு நோட்டு, கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. அவள் எல்லாவற்றையும் எழுதினாள். 'பிசைந்தேன். மூக்கு அரித்தது. சொறியவில்லை.' மாமா அதைப் படித்துவிட்டு அவள் தலையைத் தடவினார். என் தலையும் பக்கத்தில்தான் இருந்தது.

மரப்பெட்டிகள் மூன்று. இரண்டு மாமாவுக்கு, மூன்றாவது அவளுக்கு. அவள் எடைபோட்டு மடித்து வைத்த வெல்லத்தை, அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் தின்றேன். அதே நிறம் என்பதால் பொட்டலத்தில் பட்டைத்தூளைப் போட்டு மடித்தேன். அவள் கல் கூழாகும், பதவி என்னிடம் திரும்பும். இதுதான் திட்டம்.

ஒரு மாதம் கழித்து மாமா வந்து பெட்டிகளைப் பிரித்தார். அவருடைய இரண்டும் ஒரே அடியில் உதிர்ந்தன. மூன்றாவதில் சுத்தியல் பட்டுத் துள்ளியது. இன்னும் ஓங்கி அடித்தார். கல் அப்படியே இருந்தது. மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா, இன்னா கைம்மா இது."

பூதக்கண்ணாடி அவளுக்கே சொந்தமாகிவிட்டது. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தூங்கினாள். உண்மையைச் சொன்னால் நான் திருடன், சொல்லாவிட்டால் அவள் விஞ்ஞானி. நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். காரணம் ஒரு மாதத்துக்கு முன் தின்ற வெல்லம் என்று யாரும் சந்தேகப்படவில்லை என்பதே ஆறுதல்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவிலும் மாமா வந்து, தங்கையின் நோட்டில் இருந்தபடியே கிராம் பிசகாமல் ஊற்றினார். ஒன்றுகூட நிற்கவில்லை. ஆபீசில் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். அப்பா கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இத்தனை கல் உதிர்ந்தும் அவளை ஒருவரும் திட்டவில்லையே என்பதுதான் என் கவலை.

மாமா இப்போது ரிடையர்டு. போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது மேஜைமேல் அந்தக் கல் இருந்தது, தங்கையின் பெயர் எழுதிய சீட்டோடு. இந்த வயதிலும் எனக்கு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் உண்மை வெளியே வந்தது. வெல்லம், பொட்டலம், பட்டைத்தூள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அடிக்குக் காத்திருந்தேன்.

மாமா திட்டவில்லை. பேனாவைத் தேடி எடுத்தார்.

"எத்தினி போட்ட?"

"ஒரு பிடி மாமா."

எழுதப் போனவர் நிறுத்தி, என் கையைப் பார்த்தார்.

"பத்து வயசுல உன் கை எவ்ளோ பெரிசுடா?"