கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

கொரோனா அடங்கி இரண்டு வருடம் இருக்கும். பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், விவசாயிகள் வந்துபோகும் சிறிய கூட்டுறவு வங்கி ஒன்றில் நகைக்கடன் கவுன்ட்டரில் வேலை பார்த்தேன். நோய்க்காலத்தில் கவுன்ட்டருக்கு மேல் கூரைவரை கண்ணாடி அடித்திருந்தார்கள். கீழே காகிதம் நுழைய ஒரு சந்து. நோய் போனது, கண்ணாடி போகவில்லை. என் பக்கத்திலேயே பணம் எண்ணும் மெஷின், தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேன். கத்தினால்தான் வெளியே கேட்கும். மாலையில் வீட்டிலும் அதே குரல். "அம்மா, இங்க கண்ணாடி இல்லை" என்பாள் மகள்.

ஒருநாள் ஒரு விவசாயப் பெண் தன் அடகுச் சங்கிலியைப் பற்றிக் கேட்டார். தவணை தாண்டிவிட்டது, ஏலத்துக்குப் போகும் என்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி மறுபடி சொன்னேன். கடைசியில் கூடம் முழுக்கக் கேட்டது. வரிசையில் அவருடைய சம்பந்தியும் நின்றிருந்தார். அந்தப் பெண் அழுதுகொண்டே புகார் சொல்லச் செயலாளர் அறைக்குப் போனார்.

என்மேல் ஏற்கெனவே புகார்கள் உண்டு. இந்த முறை விசாரணை, வேலையே போகலாம். "மரியாதைக் குறைவாப் பேசினேன்னு எழுதிக் குடுத்துருங்க, முடிஞ்சது" என்றார் செயலாளர். அந்தப் பெண்ணிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அப்படி எழுதித் தர மறுத்தேன்.

"விசாரணைய ரூம்ல வேண்டாங்க சார். கவுன்ட்டர்ல வைங்க."

விசாரணை அன்று செயலாளரை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். வங்கித் தலைவரைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கச் சொன்னேன். "உங்க சங்கிலி ஏலத்துக்குப் போகுதுன்னு பிரசிடென்ட்கிட்டச் சொல்லுங்க சார். அவருக்கு மட்டும் கேக்கணும்."

செயலாளர் மெதுவாகச் சொன்னார். "என்னங்க?" என்றார் தலைவர். மறுபடி சொன்னார். தலைவர் குனிந்து சந்தில் காதை வைத்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க சங்கிலி ஏலத்துக்குப் போகுது!" செயலாளர் கத்தியே விட்டார்.

"பிரசிடென்ட் சங்கிலியேவா? அப்ப நம்ம கதி?" என்றது வரிசையில் ஒரு குரல். கூடமே சிரித்தது. தலைவர் முகம் சிவக்க நிமிர்ந்தார். "ஏனுங்க, எதுக்கு இப்படி அதட்டறீங்க?"

விசாரணைக்கு வந்திருந்த, புகார் கொடுத்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலைவரிடம் சொன்னார்: "அந்தப் புள்ளைய உடுங்க. இந்தக் கண்ணாடியக் கழட்டுங்க."

என்னை விட்டுவிட்டார்கள். கண்ணாடியை அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. செலவு என்றார்கள், அடுத்த கூட்டம் என்றார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் போய் நின்றேன். ஒருவழியாகப் பாதியாக வெட்டினார்கள். மெஷின் பின்னறைக்குப் போனது. அடகு விஷயம் பேச மூலையில் இரண்டு நாற்காலிகள் வந்தன. அவற்றில் ஒன்றில் உட்கார்ந்துதான் அந்தப் பெண், அதுவரை ஏலம் தள்ளிப்போயிருந்த தன் சங்கிலியின் தவணை நீட்டிப்புப் பற்றி என்னிடம் பேசினார். பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்கவில்லை.

எந்த அலுவலகத்திலாவது ஒருவரைச் சிடுமூஞ்சி என்று யாராவது சொன்னால், அவர் எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறார் என்றுதான் இப்போதும் முதலில் பார்க்கிறேன்.