சரிந்த தோளுக்குத் தைத்த ரவிக்கை

ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் நான் தையல் கடை வைத்திருந்த காலத்தில், ரவிக்கை தைக்க என்னிடம் ஒருமுறை வந்த பெண்கள் வேறு கடைக்குப் போகமாட்டார்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெருமை என்னை என்ன செய்ய வைத்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஆண் தையற்காரன் பெண்களுக்கு அளவெடுக்க முடியாது. பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்துத் தைப்போம்; பழையதில் இருந்த கோளாறு அப்படியே புதியதிலும் வரும். என் கடைக்குப் பின்கட்டில்தான் எங்கள் வீடு. நடுவில் ஒரு திரை. பெண்கள் திரைக்கு அந்தப்புறம் போனால் என் மனைவி டேப் வைத்து அளந்து ஒவ்வோர் அளவாகச் சொல்லுவாள். இந்தப்புறம் உட்கார்ந்து நான் எழுதிக்கொள்வேன். மற்றவர்களுக்கு அமையாத வெட்டு எனக்கு அமைந்தது அவளால்தான்.

அளவு கையில் வந்துவிட்டால், மீதி கண்ணை ஏமாற்றும் வேலை. தடித்த உடம்புக்காரிக்குக் கையோரத்தில் அகலமான கரை வைக்கக்கூடாது. தோளிலிருந்து இடுப்புவரை நெடுக மெல்லிய மடிப்புகள் பிடித்தால் உடம்பு ஒடுங்கித் தெரியும். குச்சி போன்ற கைகளுக்குச் சுருக்கம் வைத்த பஃப் கை. கழுத்து குட்டையானவர்களுக்கு முன்கழுத்தை ஒரு விரற்கடை இறக்கிக் கூராக வெட்டுவேன். நீளக் கழுத்துக்கு லேஸ் வைத்த காலர். மார்பு ஒட்டிப்போன பெண்களுக்கு இரட்டை உள்துணி கொடுத்து முன்பக்கம் சுருக்கம் பிடிப்பேன். அதற்கும் நிறையாவிட்டால் என் மனைவி பஞ்சு வைத்துத் தைத்த சின்னத் திண்டு இரண்டைப் பேசாமல் அவர்கள் கையில் கொடுத்துவிடுவாள். முடி அடர்த்தியில்லாதவர்களுக்குச் சவுரியை எந்த இடத்தில் சேர்த்துப் பின்னினால் தெரியாது என்றும் சொல்லிக்கொடுப்பாள். நேற்றுவரை எலும்பும் தோலுமாக இருந்தவள் மறுநாள் பூசினாற்போல் நடந்து போவாள். யாருக்கு எங்கே குறை என்பது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும். ஊரில் பாதிப் பெண்கள் எங்களை நம்பித்தான் தலைநிமிர்ந்து நடந்தார்கள் என்று எனக்குள் ஒரு நினைப்பு உண்டு.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால், மிஷன் பெண்கள் பள்ளிக்குப் புதிதாக ஒரு பாட்டு டீச்சர் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். நாங்கள் போகும் வேதக்கோயிலுக்குத்தான் அவரும் வருவார்; பிள்ளைகளைப் பாட வைப்பதும் அவர்தான். சித்திரை வெயிலிலும் முந்தானையை இரண்டு தோளையும் சுற்றி இழுத்துப் போர்த்தியிருப்பார். நல்ல முகம். ஆனால் கிழவியைப்போல் குனிந்து நடப்பார். என் மனைவி அவரோடு பேசிப் பழகி, ஒரு நாள் கடைக்கு அழைத்து வந்துவிட்டாள்.

திரைக்குப் பின்னாலிருந்து அளவுகள் வழக்கம்போல் வந்தன. வலது தோள் அளவைச் சொன்னாள். இடது தோள் என்றதும் நின்றுவிட்டது.

“இத எழுதாதீங்க. பொறவு சொல்லுதேன்” என்றாள்.

டீச்சர் போன பிறகு என் முதுகில் கை வைத்துக் காட்டினாள். இடது தோள் மூன்று விரற்கடை சரிந்திருக்கிறது, தோள்பட்டை எலும்பு பின்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது என்றாள். சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்து, எலும்பு சரியாகக் கூடாமல் போய்விட்டதாம். போகுமுன் திரையை விலக்காமலே டீச்சர் என்னிடம் ஒன்றுதான் கேட்டிருந்தார்: “அண்ணே, உங்களால ஏலுமா?” ஏலும் என்று சொல்லியிருந்தேன்.

பத்து நாள் வேறு வேலை தொடவில்லை. இராஜபாளையத்துக்கு ரயிலில் போய், ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்கிறவரிடம் மெல்லிய துணியும் கொஞ்சம் நல்ல பஞ்சும் வாங்கி வந்தேன். முதலில் தைத்த திண்டைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, கொழுக்கட்டை வைத்தாற்போல் இருக்கிறது என்று என் மனைவி சிரித்தாள். இரண்டாவது, துவைத்ததும் பஞ்சு ஓரத்துக்கு ஓடிவிட்டது. மூன்றாவதில் கழுத்துப் பக்கம் ஒரு மடிப்பு, தோள் முனையில் ஐந்து மடிப்பு என்று படிப்படியாக ஏற்றி, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டினேன். அது அசையவில்லை. இடப்பக்கத்து முதுகுத் துணியை அகலமாக வெட்டி, எலும்பு புதைந்து உட்கார ஒரு மறைமடிப்பு வைத்தேன். வலது தோள் தையலை அரை விரல் இறக்கினேன். கோடு போட்ட துணி வேண்டாம், கோடு சரிவைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லியனுப்பினேன். முந்தானைக் கொசுவத்தை இடது தோளில் புரூச் குத்தி நிறுத்தவும் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் முந்தானையைப் போர்த்தாமல் வந்தார். பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, கையைத் தூக்கிப் பாட்டை ஆரம்பித்தபோது இரண்டு தோளும் ஒரே நேராக இருந்தன. எனக்கு அன்று பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட மனதில் நிற்கவில்லை. அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கடைக்கு வந்தார். இது நம் மூன்று பேருக்குள் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். என் வாயிலிருந்து வராது என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். அது எனக்குச் சுலபமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டீச்சர் உடம்பு தேறிவிட்டார், ஏதோ தைலம் தேய்த்துக்கொள்கிறார் என்று ஊரில் பேசினார்கள். அய்யனார் கோவில் அருவியில் தொடர்ந்து குளித்ததால்தான் என்று எதிர்க்கடைக்காரர் சொன்னார். என் வாழ்நாளில் நான் செய்த மிக நல்ல வேலைக்குத் தைலத்துக்கும் தண்ணீருக்கும் பேர் கிடைத்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேன். உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

பிறகு டீச்சருக்கு ஒரு வரன் வந்தது. இராஜபாளையத்தில் மில் ஆபீசில் கணக்கர். ஒரு பண்டிகையில் டீச்சர் பாடியதைக் கேட்டுவிட்டு அவரே தன் தாயாரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். டீச்சர் இதை முதலில் சொன்னது என் மனைவியிடம். அறுப்புப் பண்டிகை அசனம் முடிந்த மறுவாரம் அவர்கள் வருவதாக ஏற்பாடு. பேச்சு முடிவாகுமுன் அந்தக் கணக்கரைத் தனியே கண்டு, தன் தோளைப் பற்றித் தானே சொல்லிவிடப் போவதாகவும், என்ன வார்த்தையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பதாகவும் டீச்சர் சொன்னாராம். என் மனைவி இதை என்னிடம் சொல்லிவிட்டு, “தைரியமான புள்ள” என்றாள். நானும் ஆமாம் என்றேன். இதெல்லாம் தெரிந்திருந்துதான் நான் அதைச் செய்தேன்.

அசனம் என்றால் கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. ஆண்கள் பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர். மதுரையிலிருந்து இராஜபாளையத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒரு தையற்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் வெட்டு தனி வெட்டு என்றும், பட்டணத்துப் பெண்கள் படம் போட்ட புத்தகத்தைப் பார்த்துத் தைக்கிறார் என்றும் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு என் முதுகில் தட்டி, “நம்மாளு ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்கத்தான் லாயக்கு” என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது.

“பாட்டு டீச்சரப் பாத்திருக்கீரா? அவிய தோளு நேராவா இருக்குன்னு நெனைக்கேரு?” என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. நான் விவரமாகச் சொன்னேன். மூன்று விரற்கடை, ஐந்து மடிப்பு, மறைமடிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். நம்பாமல் பார்த்தார்கள். இலைக்கு முன்னாலிருந்து எழுந்து, இடது தோளைத் தொங்கவிட்டு, முதுகைக் கூனிக்கொண்டு, நான்கு எட்டு நடந்தும் காட்டினேன். பந்தியே சிரித்தது. “எம்புட்டு வேல பாத்திருக்கான் பாரு” என்று யாரோ சொன்னார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்தபோது எனக்கு இனித்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

திரும்பினேன். டீச்சர் சாம்பார் வாளியோடு பந்தியின் தலைப்பில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. என் தோள் இன்னும் இறங்கியேதான் இருந்தது. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

டீச்சர் முதல் இலையிலிருந்து பரிமாறிக்கொண்டே வந்தார். என் இலைக்கும் வந்தார். ஒரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். கடைசி இலைவரை முடித்துவிட்டுத்தான் வாளியைக் கீழே வைத்தார். நான் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பேச்சு இராஜபாளையம் போய்ச் சேர நான்கு நாள் ஆகவில்லை. மாப்பிள்ளையின் தாயார் கோயில் உபதேசியார் மூலமாகச் சொல்லியனுப்பினார்: தோள் சரிவு பெரிய காரியமில்லை, கர்த்தர் கொடுத்த உடம்பு, ஆனால் மறைத்து வைத்துப் பெண் கொடுக்க நினைத்தார்களே, அதுதான் மனதுக்கு ஒப்பவில்லை. அந்த மனிதர் என்ன நினைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. தாய் பேச்சை மீறி அவர் வரவில்லை.

மறுநாள் டீச்சர் கடைக்கு வந்தார். கையில் ஐந்து ரவிக்கைகள், துவைத்து மடித்தவை. வெட்டு மேஜையில் வைத்தார்.

“திண்ட எடுத்துருங்க, அண்ணே.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் பிளேடை எடுத்து ஒவ்வொரு தையலாக அறுக்க ஆரம்பித்தேன். பலமாகப் போட்ட தையல், சீக்கிரம் வரவில்லை. ஐந்து ரவிக்கைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவ்வளவு நேரமும் அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி திரைக்கு அப்பால் நின்றது நிழலாகத் தெரிந்தது, வெளியே வரவில்லை.

கடைசி ரவிக்கையை வாங்கிக்கொண்டு சொன்னார்: “நீங்க சொன்னதுல பொய் ஒண்ணுமில்ல. ஆனா அத நான் சொல்லணும்னு இருந்தேன். நான் சொல்லியிருந்தா அது வேற. இப்போ போய்ச் சொன்னாலும் பிடிபட்டவ சொல்லுத மாதிரித்தான் இருக்கும்.”

அவர் படியிறங்கிப் போனார். முந்தானையை அன்று இழுத்துப் போர்த்தவில்லை.

அன்று சாயங்காலமே என் மனைவி திரையைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். இனிமேல் உங்களுக்கு அளவெடுத்துத் தரமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். சண்டை போடவில்லை. சோறு போட்டாள், கோயிலுக்கு என்னோடு வந்தாள். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அவள் அளக்காவிட்டாலும் வருவார்கள் என்று நினைத்தேன். வரவில்லை. பந்தியில் நடந்தது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. என்னிடம் தைத்த ஒவ்வொரு பெண்ணும் தன் குறையை அடுத்தாற்போல் எந்தப் பந்தியில் நான் நடித்துக் காட்டுவேனோ என்று பயந்திருப்பாள். தெருவில் என்னைக் கண்டால் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வார்கள். என்னைக் கண்டு வெட்கப்படுகிறார்கள் என்று முதலில் எண்ணினேன். வெட்கப்பட வேண்டியவன் நான் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

டீச்சர் அதே ரவிக்கைகளைத் திண்டு இல்லாமல் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார். இடது பக்கம் துணி தொளதொளவென்று மடிந்து கிடக்கும். முதல் வாரம் சில பிள்ளைகள் அவர் பின்னாலேயே தோளைச் சரித்து நடந்தார்களாம். அவர்களுக்கு அந்த நடையை யார் கற்றுக்கொடுத்தது என்று நான் கேட்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முன்னால் நின்று பாட வைக்கும்போது நான் பாட்டுப் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன். எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது நானும் சத்தமாகச் சொல்லுவேன்; கூட்டத்தோடு சொல்வது எளிதாக இருந்தது.

ஒன்றரை வருஷத்தில் டீச்சர் மாற்றலாகி செட்டியார்பட்டிப் பக்கம் போய்விட்டார். யுத்த காலத்தில் எனக்கு ஆண்களின் சட்டை, காக்கி நிஜார் வேலைதான் மிஞ்சியது. கடையை மூடிவிட்டு இராஜபாளையத்துக்கே குடிபெயர்ந்தேன்.

யுத்தம் முடிந்த வருஷம், ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்க வேண்டுமென்று ஆள் வந்தது. போனேன். தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். கண்ணாடி போட்டிருந்தார். வெளுத்த நீலத்தில் கோடு போட்ட ரவிக்கை. கோடு இடப்பக்கம் சரிந்து இறங்குவது நன்றாகத் தெரிந்தது. யாரோ அவருடைய அளவுக்குக் கச்சிதமாக, எதையும் மறைக்காமல் தைத்திருந்தார்கள்.

“டீச்சர், அன்னைக்கு நான்...” என்று ஆரம்பித்தேன்.

“எத்தன நாள்ல தச்சுத் தருவீங்க?” என்று கேட்டார். பிறகு என் மனைவியைப் பற்றி, “அக்கா சௌக்கியமா?” என்றார்.

சௌக்கியம் என்றேன். பதினைந்து நாளில் தருகிறேன் என்றேன். மணி அடித்தது, அவர் வகுப்புக்கு எழுந்து போனார். ஆரம்பித்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அன்றும் இல்லை, தைத்த சீருடையைக் கொண்டுபோய்க் கொடுத்த நாளிலும் இல்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் அதைப் பற்றி முதன்முதலாக ஒரு வார்த்தை பேசினாள். மன்னிப்புக் கேட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த வாரம் அவளே தனியாகப் பஸ் ஏறிப் போய் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகும் மாதம் ஒருமுறை போய் வந்தாள். இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரிந்திருந்ததால் நானும் கேட்கவில்லை.